ஒரு வருஷம் கிடப்பில் கிடந்த காணிக்கை: கொரிந்து சபையும் எருசலேம் தர்மப்பணமும்

வசனம் தெரியாததால் யாரும் தடுமாறுவதில்லை. "கொடுங்கள்" என்று ஆண்டவர் சொன்னது ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தடுமாற்றம் அடுத்த படியில்தான் வருகிறது. எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது, யார் கையில் கொடுப்பது? வாக்குக் கொடுத்த பிறகு மனசு பின்வாங்கினால் என்ன செய்வது? கணக்குக் கேட்டால் அது அவிசுவாசமா? இந்தக் கேள்விகளுக்குப் பிரசங்கத்தில் பதில் கிடைப்பது அபூர்வம். ஆனால் இவை அத்தனையும் ஒரே விவகாரத்தில் எழுந்த நிகழ்வு ஒன்று புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் திரட்டிய தர்மப்பணம்தான் அது. அதற்கு ஆர்வமாக முன்வந்துவிட்டு, அப்புறம் ஒரு வருஷம் இழுத்தடித்தது கொரிந்து சபை.

இதன் ஆவணங்கள் நம் வேதாகமத்தில் சிதறிக் கிடக்கின்றன: 1 கொரிந்தியர் 16, 2 கொரிந்தியர் 8, 9, 12 அதிகாரங்கள், ரோமர் 15, கலாத்தியர் 2, அப்போஸ்தலர் 11, 20, 21, 24. தனித்தனியாக வாசித்தால் காணிக்கை நேரத்துக்கு ஏற்ற வசனங்களாகத் தெரியும். காலவரிசையில் அடுக்கி வாசித்தால் ஒரு வழக்குக் கோப்பைப் புரட்டுவது போல இருக்கிறது. உபதேசம் அன்றாட வாழ்க்கைக்குள் இறங்கியது சின்னச் சின்ன ஏற்பாடுகள் வழியாகத்தான் என்பதை அந்தக் கோப்பு பக்கத்துக்குப் பக்கம் காட்டுகிறது. நான் இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான். கொடுப்பதைப் பற்றி நமக்குள் உணர்ச்சிக்குப் பஞ்சமில்லை. ஏற்பாடுதான் இல்லை.

பின்னணி

ரோமப் பேரரசரான கிலவுதியு ராயன் கி.பி. 41 முதல் 54 வரை ஆண்டார். அவர் காலத்தில் பஞ்சம் வரும் என்று அகபு என்ற தீர்க்கதரிசி அந்தியோகியாவில் முன்னறிவித்தார். அங்குள்ள சீஷர்கள் அவரவர் சக்திக்கு ஏற்றபடி பணம் சேர்த்து, பர்னபா, சவுல் (பவுலின் இன்னொரு பெயர்) இருவர் கையிலும் யூதேயாவுக்கு அனுப்பினார்கள் (அப். 11:28-30). யூதேயாவைப் பஞ்சம் உலுக்கியதை யூத வரலாற்றாசிரியர் யோசிபஸும் பதிவு செய்திருக்கிறார். அதியபேனே நாட்டு அரசி ஹெலேனா எகிப்திலிருந்து தானியமும் சைப்ரஸிலிருந்து உலர்ந்த அத்திப்பழமும் வாங்கிக் கொடுத்து எருசலேம் மக்களைக் காப்பாற்றினார் என்று அவர் எழுதுகிறார்.

எருசலேம் சபைத் தலைவர்களான யாக்கோபு, கேபா (பேதுரு), யோவான் ஆகியோர் பவுலோடு ஊழியப் பங்கீட்டில் கைகுலுக்கிக்கொண்டபோது ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டார்கள்: தரித்திரரை நினைத்துக்கொள்ளுங்கள் (கலா. 2:10). அப்படிச் செய்யத் தனக்கு முன்னமே கருத்திருந்தது என்கிறார் பவுல். பின்னாளில் அவர் கலாத்தியா, மக்கெதோனியா, அகாயா (கொரிந்து இருந்த மாகாணம்) என்று மாகாணம் மாகாணமாகத் திரட்டிய பணத்துக்கு இந்த ஒப்பந்தமே வேர். அதில் இன்னொரு நோக்கமும் பின்னியிருந்தது. யூதரல்லாத விசுவாசிகளும் எருசலேமின் யூத விசுவாசிகளும் ஒரே சரீரம் என்று பவுல் பிரசங்கித்துவந்தார். அது உண்மையானால் ஒரு அவயவத்தின் பசி மற்ற அவயவத்தின் பணப்பையைத் தொடவேண்டும்.

கொரிந்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். கி.மு. 146-ல் ரோமர் அழித்த நகரம் அது. கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்றமாக மறுபடியும் நிறுவினார். இரண்டு பக்கமும் துறைமுகம் இருந்ததால் வியாபாரம் கொழித்தது. பவுல் அங்கே ஒன்றரை வருஷம் தங்கி, ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு கூடாரத் தொழில் செய்தபடி ஊழியம் செய்தார். பவுல் அங்கே யார் முன் நிறுத்தப்பட்டாரோ அந்தக் கல்லியோன், தெல்பியில் கிடைத்த கல்வெட்டு ஒன்றின் உதவியால், அகாயாவின் அதிபதியாக இருந்த காலம் கி.பி. 51-52 என்று கணிக்கிறார்கள். ஆகவே பவுல் அங்கே இருந்ததும் அதை ஒட்டிய காலம்தான். சபையில் வல்லவர்களும் பிரபுக்களும் அநேகர் இல்லை. ஆனால் பட்டணத்தின் உக்கிராணக்காரனான (கருவூலப் பொறுப்பாளரான) ஏரஸ்து இருந்தார், சபை முழுவதையும் உபசரிக்க வசதியுள்ள காயு இருந்தார். கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியாயிருக்க ஒருவன் குடித்து வெறியாயிருந்த சபையும் இதுதான் (1 கொரி. 11:21). பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் பசியையே கவனியாதவர்களிடம், கடல் தாண்டியிருந்த எருசலேமின் பசிக்காகக் கேட்கவேண்டியிருந்தது.

முதல் ஏற்பாடு: வாரத்தின் முதல்நாள்

கி.பி. 54 அல்லது 55-ல் எபேசுவிலிருந்து பவுல் 1 கொரிந்தியரை எழுதுகிறார். பதினைந்தாம் அதிகாரம் உயிர்த்தெழுதலைப் பற்றிய மாபெரும் உபதேசம். "மரணமே! உன் கூர் எங்கே?" என்று உச்சத்துக்குப் போகிறது. அடுத்த அதிகாரம் "பரிசுத்தவான்களுக்காகச் சேர்க்கப்படும் தர்மப்பணத்தைக்குறித்து" என்று தொடங்குகிறது. அதிகார எண்கள் பிற்காலத்தில் போடப்பட்டவை. கொரிந்து சபையில் அந்தக் கடிதம் உரக்க வாசிக்கப்பட்டபோது உயிர்த்தெழுதலுக்கும் சில்லறைக்கும் நடுவில் இடைவெளியே இருந்திருக்காது.

"நான் வந்திருக்கும்போது பணஞ்சேர்க்குதல் இராதபடிக்கு, உங்களில் அவனவன் வாரத்தின் முதல்நாள்தோறும், தன்தன் வரவுக்குத் தக்கதாக எதையாகிலும் தன்னிடத்திலே சேர்த்துவைக்கக்கடவன்" (1 கொரி. 16:2).

இந்த ஒரு வசனத்தில் நிறைய அடங்கியிருக்கிறது. "அவனவன்" என்றதால் பணக்காரன் மட்டும் கொடுத்து முடித்துவிட முடியாது. நாள்கூலிக்காரனும் அடிமையும் இதற்குள் வருகிறார்கள். "வாரத்தின் முதல்நாள்தோறும்" என்றதால் ஒரே மூச்சில் பெருந்தொகை தேவையில்லை. அன்றைய ரோம உலகில் அந்த நாள் விடுமுறையும் இல்லை. வேலைக்கு முன்போ பின்போ கூடியவர்கள், அந்த வாரத்துச் சம்பாத்தியத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துவைக்க வேண்டும். "தன்தன் வரவுக்குத் தக்கதாக" என்றதால் வரவு குறைந்த வாரத்தில் குறைவாக வைக்கலாம், அதில் வெட்கமில்லை. "தன்னிடத்திலே" என்றதால் யார் எவ்வளவு வைத்தார் என்று அடுத்தவருக்குத் தெரியவேண்டியதில்லை.

நான் எப்போதும் நின்று யோசிப்பது அந்த முதல் வாக்கியக் கூறில்தான்: "நான் வந்திருக்கும்போது பணஞ்சேர்க்குதல் இராதபடிக்கு." நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு அப்போஸ்தலன் இதை எழுதுகிறார். நேரில் வந்து, எருசலேமின் பசியை விவரித்து, அந்தச் சூட்டிலேயே பணத்தைத் திரட்டியிருக்கலாம். நிறையவே விழுந்திருக்கும். தான் வரும்போது அது நடக்கவே கூடாது என்று முன்கூட்டியே தடுத்துவிடுகிறார். தன்னுடைய முகமும் குரலும் கொடுக்கிறவனின் தீர்மானத்தில் கலந்துவிடக்கூடாது என்று அவர் நினைத்ததாகத்தான் எனக்குப் படுகிறது. கூட்டத்தில் பாட்டு உச்சத்தில் இருக்கும்போது கையைத் தூக்கச்சொல்லும் வழக்கம் உள்ளவர்கள் இந்த வசனத்தின் முன் கொஞ்ச நேரம் உட்காரவேண்டும்.

பணத்தோடு இது முடிவதுமில்லை. "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று சபை வாசலில் சொல்கிறோம். சொல்லும்போது மெய்யாகத்தான் சொல்கிறோம். வீட்டுக்கு வந்ததும் மறந்துபோகிறது. வியாதியாயிருக்கிறவரைப் போய்ப் பார்க்கவேண்டும், பேசாமலிருக்கும் தம்பியோடு பேசவேண்டும், வேதத்தை ஒழுங்காக வாசிக்கவேண்டும் என்பதெல்லாம் இதே கதைதான். எண்ணத்துக்கு ஒரு நாளும் ஒரு நேரமும் ஒதுக்கப்படும்வரை அது எண்ணமாகவே இருக்கும். ஜெபிக்கிறேன் என்று சொன்னவுடன் அந்த இடத்திலேயே கண்மூடி இரண்டு வார்த்தை ஜெபித்துவிட்டு நகர்வது பவுல் சொன்ன முறைக்கு ரொம்பக் கிட்டத்தில் வருகிறது.

வேலை ஏன் நின்றது

கொரிந்து ஆர்வமாகத் தொடங்கியது. "அகாயா ஒரு வருஷமாக ஆயத்தமாயிருக்கிறது" என்று பவுல் மக்கெதோனியரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார் (2 கொரி. 9:2). ஆனால் உள்ளே வேலை நின்றுபோயிருந்தது.

இதற்குப் பேராசைதான் காரணம் என்று பொதுவாகப் பிரசங்கிக்கிறார்கள். கடிதங்களை வாசித்தால் காரணம் வேறு என்று தெரிகிறது. இடைப்பட்ட காலத்தில் பவுலுக்கும் சபைக்கும் உறவு முறிந்திருந்தது. அவர் ஒருமுறை நேரில் வந்து துக்கத்தோடு திரும்பினார். "கண்ணீரோடு எழுதினேன்" என்று அவர் குறிப்பிடும் ஒரு கடிதம் போயிருந்தது (2 கொரி. 2:1-4). அதோடு பண விஷயத்திலேயே ஒரு சந்தேகம் கிளம்பியிருந்தது. பவுல் கொரிந்தில் யாரிடமும் ஜீவனத்துக்குப் பணம் வாங்கவில்லை. ஆனால் மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர்கள் கொண்டுவந்த உதவியை ஏற்றுக்கொண்டார் (11:9). எங்களிடம் வாங்க மறுக்கிறார், அவர்களிடம் வாங்குகிறார், இப்போது எருசலேமுக்கு என்று சொல்லிப் பணம் கேட்கிறார் என்று பேச்சு எழுவதற்கு இது போதும். எழுந்த பேச்சை அவரே திருப்பிச் சொல்கிறார்: "உபாயமுள்ளவனாயிருந்து, தந்திரத்தினாலே உங்களைப் பிடித்தேனாம்" (12:16). நேரடியாக வாங்காமல் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார் என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். நான் அனுப்பினவர்களில் யாராவது மூலமாய் உங்களிடத்தில் ஆதாயம் தேடினேனா, என் உடன்வேலையாளான தீத்து தேடினானா என்று அவர் கேட்கிறார்.

ஆக, பெட்டி நிரம்பாமல் போனதற்கு நம்பிக்கை உடைந்ததே காரணம். இதைச் சரியாகக் கண்டுகொள்ளாவிட்டால் அடுத்து வரும் வைத்தியமும் தப்பிப்போகும். சபையில் காணிக்கை குறையும்போது கொடுப்பதைப் பற்றி இன்னொரு செய்தி கொடுப்பது முதல் யோசனையாக வருகிறது. கொடுக்கிறவர்களுக்கும் நடத்துகிறவர்களுக்கும் நடுவில் என்ன ஆனது என்று கேட்பதுதான் முதலில் வரவேண்டியது.

பவுல் எடுத்த நடவடிக்கைகள்

2 கொரிந்தியரின் வரிசையைப் பாருங்கள். முதல் ஏழு அதிகாரங்களில் பணம் கேட்கப்படவே இல்லை. ஏன் சொன்ன நேரத்தில் வரவில்லை என்று விளக்குகிறார், துக்கப்படுத்தினவனை மன்னியுங்கள் என்கிறார், "எங்களுக்கு இடங்கொடுங்கள்" என்று கெஞ்சுகிறார், தீத்து கொண்டுவந்த நல்ல செய்தியால் ஆறுதலடைந்ததைச் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் எட்டாம் அதிகாரம் வருகிறது. பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னார் (மத். 5:23-24). அங்கே கொடுக்கப்போகிறவனுக்குச் சொன்ன ஒழுங்கு, இங்கே கேட்கப்போகிறவனின் கைக்கு வந்திருக்கிறது. குடும்பத்தில் பங்குப் பணம், கடன், பெற்றோர் பராமரிப்புச் செலவு பற்றிப் பேசவேண்டிய விசுவாசிகள் இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கசப்பு இருக்கும்போது கணக்கைத் திறந்தால் எண்கள் எல்லாமே குற்றச்சாட்டாகக் கேட்கும்.

எட்டாம் அதிகாரத்தில் அவர் மக்கெதோனியரைக் காட்டுகிறார். கொடிய தரித்திரத்திலும் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்தவர்கள் அவர்கள். அடுத்து, "இதை நான் கட்டளையாகச் சொல்லாமல்" என்கிறார் (8:8). அப்போஸ்தல அதிகாரம் இருக்கிறது, ஆனால் இந்த இடத்தில் அதைப் பயன்படுத்த மறுக்கிறார். அதற்குப் பதிலாக அவர் வைப்பது கிறிஸ்துவை: ஐசுவரியமுள்ளவராயிருந்தும் உங்கள்நிமித்தம் தரித்திரரானார் (8:9). மனுஷாவதாரத்தின் உபதேசம் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லி, அடுத்த மூச்சில், போன வருஷம் தொடங்கினதை இப்போது செய்து முடியுங்கள் என்கிறார். அவருக்கு இவை இரண்டு தலைப்புகள் அல்ல.

பன்னிரண்டாம் வசனம், கடனில் இருக்கிற விசுவாசிகளுக்காக நான் உரக்கச் சொல்ல விரும்புவது: மனவிருப்பமிருந்தால், "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்." மக்கெதோனியர் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்தது அவர்களே மனமுவந்து செய்தது. அதைக் கொரிந்தியருக்கு அளவுகோலாகப் பவுல் வைக்கவில்லை. இல்லாததைக் கடன் வாங்கிக் காணிக்கை போட்டு, அந்தக் கடனுக்கு வட்டி கட்ட வழியில்லாமல் குடும்பம் தவிப்பதை விசுவாசம் என்று யாராவது உற்சாகப்படுத்தினால், இந்த வசனம் அவர்களுக்கு எதிராக நிற்கிறது. அடுத்த வசனமும் அப்படித்தான். மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாகவேண்டும் என்பது நோக்கமல்ல, சமநிலை வேண்டும் என்கிறார். சாட்சிக்கு, வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த உணவான மன்னாவை அழைக்கிறார். மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவுமில்லை (யாத். 16:18). வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளைக்கு வைத்தவர்களுக்கு அது புழுத்து நாறினது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த யூதன், வியாபார நகரத்தில் பணம் சேர்த்த யூதரல்லாதவர்களுக்கு அதை எழுதுகிறான்.

"பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான்" (9:6) என்பது இந்த விவகாரத்தில்தான் வருகிறது. அதைத் தனியே பிய்த்து, போட்டால் பெருகி வரும் என்ற முதலீட்டுத் திட்டமாக்குவது வேதத்துக்குச் செய்கிற அநியாயம். எட்டாம் வசனம்வரை வாசித்தால் போதும். எல்லாவற்றிலும் சம்பூரணமுடையவர்களாகி, சகலவித நற்கிரியைகளிலும் பெருகவே தேவன் கிருபையைப் பெருகச் செய்கிறார். அறுப்பு என்பது மறுபடியும் கொடுப்பதற்கான திராணி. அதற்கு அப்பால் எந்த வாக்குறுதியும் அந்தப் பகுதியில் இல்லை.

கணக்கு

இந்த நிகழ்வில் எனக்கு அதிகம் பிடித்த பகுதியும், நம் சபைகளில் குறைவாக வாசிக்கப்படும் பகுதியும் 8:16-24. பணத்தைப் பெற்று வர மூன்று பேர் அனுப்பப்படுகிறார்கள். ஒருவர் தீத்து, பவுலின் ஆள். இரண்டாமவர், சுவிசேஷ ஊழியத்தில் எல்லாச் சபைகளிலும் பேர்பெற்ற ஒரு சகோதரன். மூன்றாமவர், அநேக காரியங்களில் பலமுறை சோதித்துப் பார்த்து ஜாக்கிரதையுள்ளவன் என்று கண்ட இன்னொரு சகோதரன். இவர்கள் இருவரின் பெயரும் எழுதப்படவில்லை. ஆனால் இரண்டாமவரைப் பற்றி ஒரு முக்கியமான குறிப்பு இருக்கிறது. அவரைத் தெரிந்துகொண்டது சபைகள் (8:19), பவுல் அல்ல. தன்னைக் கண்காணிக்கிறவரைத் தானே நியமித்துக்கொள்ளக்கூடாது என்பது இன்றைக்கு எந்தத் தணிக்கையாளரும் சொல்லும் முதல் விதி. முந்தைய கடிதத்திலும் இதே ஒழுங்குதான். பணத்தைக் கொண்டுபோகத் தகுதியானவர்களைக் கொரிந்து சபையே குறிக்கவேண்டும். தான் போவதே நிச்சயமில்லாத விஷயமாக, "நானும் போகத்தக்கதானால்" என்று எழுதுகிறார் (1 கொரி. 16:3-4).

இவ்வளவு எச்சரிக்கை தேவையா என்று தோன்றலாம். எருசலேமுக்குப் போகும் பணம் என்றாலே அந்தக் காலத்தில் வில்லங்கம் இருந்தது. கி.மு. 62-ல் ஆசியா மாகாணத்தின் ரோம ஆளுநராயிருந்த ஃபிளாக்கஸ், யூதர்கள் எருசலேம் தேவாலயத்துக்காகச் சேர்த்த பொன்னைப் பறிமுதல் செய்தார். கி.மு. 59-ல் அவர் மீது வழக்கு வந்தபோது புகழ்பெற்ற வழக்கறிஞர் சிசரோவே அவருக்காக வாதாடினார். திபேரியு ராயன் காலத்தில் இன்னொரு மோசம் நடந்தது. ரோமில் ஃபுல்வியா என்ற உயர்குடிப் பெண்ணிடம் நான்கு பேர் எருசலேம் தேவாலயத்துக்கு என்று சொல்லி இரத்தாம்பரமும் (விலையுயர்ந்த ஊதாத் துணியும்) பொன்னும் வாங்கித் தாங்களே செலவழித்துவிட்டார்கள் என்று யோசிபஸ் எழுதுகிறார். விஷயம் ராயனுக்கு எட்டியது, ரோமிலிருந்த யூதர்கள் எல்லாருமே வெளியேற்றப்பட்டார்கள். நாலு பேர் செய்த திருட்டுக்கு ஒரு சமுதாயமே விலை கொடுத்தது. இப்படிப்பட்ட உலகில் ஒரு யூதன் பல மாகாணங்களில் எருசலேமுக்காகப் பணம் திரட்டினால் ஜனங்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதைப் பவுல் அறியாதவரல்ல.

அவர் தரும் காரணம் இது: ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருந்து, "கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்" (8:21).

ஒரு சபைப் பொருளாளரை நினைத்துக்கொள்ளுங்கள். நேர்மையானவர். சபை நிதியைத் தன் சொந்த வங்கிக் கணக்கில் வைத்திருக்கிறார், ஏனென்றால் அது வசதி. ஒரு பைசா எடுத்ததில்லை. ஒருநாள் ஒரு உறுப்பினர், "ஐயா, வருஷக் கணக்கைக் கொஞ்சம் காட்டமுடியுமா?" என்று கேட்கிறார். பொருளாளருக்கு முகம் சிவக்கிறது. "இத்தனை வருஷம் உழைச்சதுக்கு இதுவா பலன்? கர்த்தர் என் இருதயத்தை அறிவார்" என்கிறார். கேட்டவர் குற்றவாளியைப் போல உட்கார்ந்துவிடுகிறார். அப்புறம் யாரும் கேட்பதில்லை.

அவர் சொன்னது மெய்தான், கர்த்தர் அறிவார். ஆனால் கேட்டவர் கர்த்தர் அல்லவே, அவருக்கு இருதயத்தைப் பார்க்கும் கண் இல்லை. மனுஷருக்கு முன்பாகவும் என்று பவுல் சேர்த்தது இந்தச் சகோதரருக்காகத்தான். கணக்கைக் காட்டுவது, பார்க்க முடியாதவருக்குக் காட்டும் அன்பு. அப்போஸ்தலனே தன் பக்கத்தில் இரண்டு சாட்சிகளை நிறுத்திக்கொள்ளும்போது, பொருளாளருக்கு அதில் அவமானம் என்ன இருக்கிறது? காணிக்கையை இரண்டு பேராக எண்ணுங்கள். எண்ணின தொகையில் இருவரும் கையெழுத்திடுங்கள். நிதியைச் சபை பெயரிலுள்ள கணக்கில், இருவர் கையொப்பம் இருந்தால்தான் எடுக்கமுடியும் என்ற ஏற்பாட்டில் வையுங்கள். நியமிக்கப்பட்ட நோக்கத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கொடுத்தவர்களிடம் சொல்லுங்கள். இதெல்லாம் வெறும் நிர்வாகம் என்று ஒதுக்குகிறவர்கள் 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தின் பிற்பாதியைப் பரிசுத்த வேதாகமத்திலிருந்து ஒதுக்குகிறார்கள்.

நெருடும் ஓர் இடம்

பவுலின் எல்லா உத்திகளும் எனக்குச் சமாதானம் தருவதில்லை. ஒன்பதாம் அதிகாரத்தின் தொடக்கத்தில், உங்களைப் பற்றி மக்கெதோனியரிடம் பெருமையாய்ப் பேசிவிட்டேன், அவர்களில் சிலர் என்னோடு வந்து நீங்கள் ஆயத்தமாயில்லை என்று கண்டால் நமக்கு வெட்கமாகிவிடும் என்கிறார். அதற்கு முன் மக்கெதோனியரைக் காட்டிக் கொரிந்தியரைத் தூண்டினார். கொரிந்தியரைக் காட்டி மக்கெதோனியரைத் தூண்டியதும் இங்கே தெரிகிறது. கட்டாயமில்லை என்று சொல்லிக்கொண்டே இப்படி எழுதுவது அழுத்தம்தானே என்று கேட்டால், ஆமாம், அழுத்தம்தான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். புதிதாக ஒரு தொகையை அவர் கறக்கவில்லை. அவர்களாகவே முன்வந்து கொடுத்த வாக்கை நிறைவேற்றச் சொல்கிறார். அதுவும் எல்லார் முன்னிலையிலும் மாட்டிக்கொள்ளுமுன் சரிசெய்ய நேரம் கொடுத்து, ஆட்களை முன்கூட்டியே அனுப்பி வைக்கிறார். சொன்ன சொல்லை நினைப்பூட்டுவது வேறு, புதுச்சுமை ஏற்றுவது வேறு. இருந்தாலும் அவர் செய்தார் என்பதற்காக எல்லா ஊழியரும் ஒரு சபையை இன்னொரு சபையோடு ஒப்பிட்டுப் பேசலாம் என்று நான் சொல்லமாட்டேன். பவுலுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது, கொரிந்தில் யாரிடமும் தனக்கென்று வாங்காத கை. அந்தக் கை இல்லாதவர்கள் ஒன்பதாம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்களை விட்டுவிட்டு ஏழாவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது: விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே.

என்ன ஆனது

கொரிந்து கொடுத்ததா? கொடுத்தது என்று நினைக்க நல்ல ஆதாரம் இருக்கிறது. பவுல் அடுத்து கிரேக்கு தேசத்தில் மூன்று மாதம் தங்கினார் (அப். 20:2-3). ரோமர் நிருபம் அப்போது கொரிந்திலிருந்து எழுதப்பட்டது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அதில் அவரை உபசரிப்பவர் காயு, அதில் சிபாரிசு செய்யப்படும் பெபேயாள் கொரிந்தின் துறைமுகமான கெங்கிரேயா சபையைச் சேர்ந்தவள். அந்த நிருபத்தில், மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் உள்ளவர்கள் எருசலேமின் ஏழைகளுக்காகச் சகாயம் செய்ய விரும்பினார்கள் என்று சந்தோஷமாக எழுதுகிறார் (ரோமர் 15:26). அகாயா பட்டியலில் இருக்கிறது. எருசலேமுக்குப் புறப்பட்டபோது கூடப்போனவர்களின் பெயர்கள் அப். 20:4-ல் உள்ளன: பெரோயாவின் சோபத்தர், தெசலோனிக்கேயாவின் அரிஸ்தர்க்கு, செக்குந்து, தெர்பையின் காயு, தீமோத்தேயு, ஆசியாவின் தீகிக்கு, துரோப்பீமு. கொரிந்தியர் ஒருவர் பெயரும் இதில் இல்லை. அவர்கள் வேறு யாரிடமாவது தங்கள் பங்கை ஒப்படைத்தார்களா, அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்கா எல்லாரையும் எழுதவில்லையா என்பதற்குப் பதில் வேதத்தில் இல்லை.

பணம் எருசலேமில் எப்படி ஏற்கப்பட்டது என்பதையும் லூக்கா சொல்லவில்லை. பவுலுக்கே அதில் பயம் இருந்தது. தன் தர்மசகாயம் பரிசுத்தவான்களால் அங்கிகரிக்கப்பட ஜெபியுங்கள் என்று ரோமரைக் கேட்டுக்கொண்டார் (15:31). சகோதரர்கள் சந்தோஷமாய் ஏற்றுக்கொண்டார்கள் என்று அப். 21:17 சொல்கிறது, அதோடு சரி. அதன்பின் நடந்தது எல்லாருக்கும் தெரியும். கூடவந்த, யூதரல்லாத எபேசியனான துரோப்பீமுவைத் தேவாலயத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார் என்று தவறாக எண்ணி ஜனக்கூட்டம் பவுலைப் பிடித்தது. நேர்மைக்குச் சாட்சியாக வந்தவர்களில் ஒருவரே அவர் கைதாவதற்குக் காரணமானார்.

பிறகு தேசாதிபதி பேலிக்ஸ் முன்னிலையில், "என் ஜனத்தாருக்குத் தர்மப்பணத்தை ஒப்புவிக்க" வந்தேன் என்று பவுல் சொல்கிறார் (அப். 24:17). பணம் என்ற பேச்சு பேலிக்ஸின் காதில் விழுந்துவிட்டது. தன்னை விடுதலை செய்யும்படி பவுல் தனக்குப் பணம் கொடுப்பான் என்று நம்பி அடிக்கடி அவரை அழைத்துப் பேசினான் என்று லூக்கா எழுதுகிறார் (24:26). மாகாணம் மாகாணமாய்ப் பணம் திரட்டத் தெரிந்தவர், அவர் ஒரு வார்த்தை எழுதினால் அனுப்ப எத்தனையோ சபைகள் இருந்தன. இரண்டு வருஷம் கழித்து பேலிக்ஸின் இடத்துக்குப் பொர்க்கியு பெஸ்து வந்தபோதும் பவுல் காவலில்தான் இருந்தார்.